திருவொற்றியூர் டீசல் புல்லட்டும் ஜெர்மனிக்காரரின் பட்டறையும்

பழைய வண்டி விற்பனை விளம்பரங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வகை விளம்பரம் நன்றாகப் பழகியிருக்கும். டீசல் புல்லட். ஒரிஜினல். ரேர் பீஸ். ஆர்.சி. கையில் இருக்கிறது. சும்மா விசாரிப்பவர்கள் அழைக்க வேண்டாம்! விலையைப் பார்த்தால், கிட்டத்தட்ட அதே வயதுள்ள பெட்ரோல் புல்லட்டைவிடப் பல சமயம் கூடுதலாகவே சொல்லியிருப்பார்கள். மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் போகத் தயங்குகிற, லாரி மாதிரி புகை விடுகிற ஒரு வண்டிக்கு இத்தனை மரியாதையா என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அரிய வண்டிகளின் சந்தை எல்லா நாட்டிலும் இப்படித்தான். ஜெர்மனியில் பழைய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. கார்களில், அதுவும் கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள் வகையில், ஒரு நல்ல 'டியூனர்' கைவைத்த கார் விற்பனைக்கு வந்தால் விலை எகிறிவிடும். டியூனர் என்றால் கம்பெனி செய்த காரை வாங்கி, இஞ்சினையும் சஸ்பென்ஷனையும் மாற்றி, வேறொரு வண்டியாக்கி விற்பவர். ஏ.எம்.ஜி. 1967-ல் இரண்டு இஞ்சினியர்கள் அப்படித் தொடங்கியதுதான். அல்பீனா 1965-ல் தொடங்கியது. 1983-ல் ஜெர்மன் போக்குவரத்து அமைச்சகம் அல்பீனாவை டியூனர் என்றில்லாமல் தனிக் கார் உற்பத்தியாளராகவே அங்கீகரித்தது. அங்கே மாற்றியவரின் பெயரே ஒரு சொத்து.

சரி, இதற்கும் திருவொற்றியூருக்கும் என்ன சம்பந்தம்? திருவொற்றியூரில் பிறந்த ஒரு வண்டியும் ஜெர்மானிய டியூனர் ஒருவரின் கைக்குப் போனது. நம் ஊர் மெக்கானிக்குகள் பெயர் இல்லாமல் செய்த அதே வேலையை, அவர் தன் பெயரைப் போட்டே செய்து விற்றார். டீசல் புல்லட்டின் கதை இந்த இரண்டு பட்டறைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

முதலில் ஊர். வடசென்னையின் இந்தப் பகுதி வண்டிகளுக்குப் புதிதல்ல. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயர். பக்கத்து எண்ணூரில் 1948-ல் பதிவான அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பொருத்தி விற்றது. பிறகு லேலண்டோடு சேர்ந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. பெரிய தொழிற்சாலைகளோடு சேர்ந்து லேத்துப் பட்டறைகள், வார்ப்புப் பட்டறைகள், ஃபிட்டர்கள், டர்னர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். துறைமுகம் வேறு பக்கத்தில்.

1950-களின் முதற்பாதியில் எல்லையில் ரோந்து போக இந்திய அரசுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் 350 சிசி புல்லட் தேர்வானது. 800 வண்டிகளுக்கு ஆர்டர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உண்டாக்கின. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தாய்க் கம்பெனி 1970-ல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977-ல் அந்த வண்டியையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யவும் தொடங்கியது! ஜப்பான்காரர்கள் நான்கு சிலிண்டர், டிஸ்க் பிரேக், எலக்ட்ரிக் ஸ்டார்ட் என்று போய்க்கொண்டிருந்த காலத்தில், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நியூட்ரல் பிடிக்கத் தனியாக ஒரு லீவர் என்று 1950-களிலேயே புல்லட் நின்றுவிட்டது.

இது சோம்பேறித்தனமா, பிடிவாதமா, பணமில்லாமையா என்று விவாதிக்கலாம். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அதனால் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. அதைப் புரிந்துகொள்ள வண்டியின் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

இன்றைய மோட்டார் சைக்கிள்களில் இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். ஒரே எண்ணெய் இரண்டுக்கும் போகும். ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாது. பழைய புல்லட்டில் அப்படி இல்லை. முன்னால் இஞ்சின் தனி. அதற்குப் பின்னால் ஆல்பியன் வகைக் கியர்பாக்ஸ் தனியாகப் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். இரண்டையும் இணைப்பது இடது பக்க மூடிக்குள் ஓடும் ஒரு செயினும் கிளட்ச்சும். அதாவது, இஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, அதே இடத்தில் சுழலும் தண்டு உள்ள வேறு எந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாலும், செயின் நேராக ஓடும்படி பற்சக்கரத்தை அமைத்துவிட்டால் வண்டி நகர்ந்துவிடும். தாங்குவதற்கு ஃப்ரேமில் நாலு தகடு வெல்டிங் வைக்க வேண்டும், அவ்வளவுதான். (சொல்வது சுலபம். இஞ்சின் அதிர்ச்சியில் அந்த வெல்டிங் எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் மெக்கானிக்கின் திறமை தெரியும்.)

இந்த வசதியை முதலில் கண்டுபிடித்தவர்கள் பட்டறைக்காரர்கள். குறிப்பாக வட இந்தியாவில். அந்தக் காலத்தில் டீசல் விலை பெட்ரோலில் ஏறக்குறையப் பாதி. கிராமத்தில் பம்ப்செட்டும் ஜெனரேட்டரும் ஓட்டும் சின்ன ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின்கள் எங்கும் கிடைத்தன. அதைப் பழுது பார்க்க ஆளும் இருந்தது. புல்லட்டோ, பெட்ரோல் குடிப்பதில் பேர் போனது. இரண்டையும் சேர்த்துவிட்டால்? சேர்த்தார்கள். பால் கேனும் தீவன மூட்டையும் ஏற்றிக்கொண்டு டுக்கு டுக்கு என்று அந்த வண்டிகள் ஓடின. யார் முதலில் செய்தார் என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

ஊரே செய்துகொள்வதை நாமே செய்து விற்றால் என்ன என்று கம்பெனிக்கும் தோன்றியிருக்க வேண்டும். 1993-ல் திருவொற்றியூரிலிருந்து என்ஃபீல்டு டீசல் வந்தது. டாரஸ் என்ற பெயரும் உண்டு. உலகிலேயே பெரிய அளவில் தயாரான முதல் டீசல் மோட்டார் சைக்கிள் இதுதான் என்று கம்பெனி சொல்லிக்கொண்டது. உள்ளே இருந்தது கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சிசி இஞ்சின். லொம்பார்டினி இத்தாலியக் கம்பெனி. அதன் சின்ன டீசல் இஞ்சின்கள் வயலுக்கும் ஜெனரேட்டருக்கும் பேர் போனவை. மீதி எல்லாம் பழைய புல்லட். அதே ஆல்பியன் கியர்பாக்ஸ், அதே நான்கு கியர்.

எண்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 350 பெட்ரோல் புல்லட்டுக்கு 18 குதிரைத் திறன். டீசலுக்கு 6.5! ஆனால் எடையோ 196 கிலோ, பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதல். அதிக வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். மேம்பாலம் ஏறும்போது சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு லிட்டருக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதுவும் பாதி விலை எரிபொருளில்.

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காயில் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது. காற்றை மிகவும் அழுத்திச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அதனால் மழையில் பிளக் நனைந்து நிற்கும் தொல்லை இல்லை. ஆனால் அந்த அழுத்தத்தைக் காலால் உதைத்துத் தாண்டுவது மனிதனால் ஆகாத காரியம். அதற்காக டீகம்ப்ரஸர் லீவர். அதை அமுக்கினால் வால்வு கொஞ்சம் திறந்து அழுத்தம் வெளியேறும். உதைத்து இஞ்சினைச் சுழற்றிவிட்டு லீவரை விட்டால் பற்றிக்கொள்ளும். இதைப் பழகிக்கொண்டவர்கள் வண்டியை விடமாட்டார்கள். பழகாதவர்கள் முதல் வாரத்திலேயே விற்றுவிடுவார்கள்.

கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் நிலைக்கவில்லை? 1985-லேயே ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்துவிட்டது, 1994-ல் ஸ்பிளெண்டர். 100 சிசிக்கும் குறைந்த இஞ்சின், சிரமமில்லாத கிக்கர், எடையோ டீசல் புல்லட்டில் ஏறக்குறையப் பாதி. மைலேஜும் அதே அளவு. டீசல் விலையில் மிச்சமாகும் காசை, வண்டியின் விலையும் அதிர்ச்சியில் கழன்று விழும் போல்ட்டுகளும் தின்றுவிட்டன. பாரம் இழுப்பவர்களுக்கு மட்டும் அது லாபமாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் இரு சக்கர வாகனங்களுக்குப் புகைக் கட்டுப்பாடு இறுகியது. பம்ப்செட் பரம்பரையில் வந்த இஞ்சினால் அந்தப் பரீட்சையைத் தொடர்ந்து எழுத முடியவில்லை. டீசல் புல்லட் நின்றது.

நஷ்டத்தில் இருந்த என்ஃபீல்டு இந்தியாவை 1994-ல் ஐஷர் எடுத்துக்கொண்டு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் மாற்றியிருந்தது. டீசலைக் காப்பாற்ற நினைக்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை.

இனி ஜெர்மனி. பிராங்க்ஃபர்ட் பக்கத்தில் எப்ஸ்டைன் என்ற ஊரில் யோகன் ஸோமர் என்பவர், திருவொற்றியூர் புல்லட்டில் ஹாட்ஸ் கம்பெனியின் 462 சிசி டீசல் இஞ்சினை வைத்து, 'ஸோமர் 462' என்று விற்றார். ஹாட்ஸ் பவேரியாவைச் சேர்ந்தது. அந்த இஞ்சின் கட்டட வேலை இயந்திரங்களிலும் ஜெனரேட்டர்களிலும் பயன்படுவது. அதாவது, நம் ஊர்ப் பட்டறைக்காரர் யோசித்த அதே யோசனை! கிடைத்தது 11 குதிரைத் திறன். திருவொற்றியூர் டீசலைவிட வேகமும் அதிகம், சிக்கனமும் உண்டு.

அவர் மட்டுமல்ல. ஸ்விட்சர்லாந்தில் ஃபிரிட்ஸ் எக்லி, 1960-களில் வின்சென்ட் இஞ்சினுக்குத் தானே ஃப்ரேம் செய்து உலகப் புகழ் பெற்றவர், பின்னாளில் என்ஃபீல்டை இறக்குமதி செய்தார். மலைச் சாலையில் இந்த வண்டி திணறுவதைப் பார்த்துவிட்டு 500 சிசியை 535 ஆக்கினார். திருவொற்றியூர் கம்பெனியும் அதே 535 சிசியில் லைட்னிங் என்ற வண்டியை விற்றது. ஆஸ்திரேலியாவில் பால் கார்பெரி இரண்டு புல்லட் சிலிண்டர்களை ஒரே அடிக்கூட்டில் வி வடிவில் நிறுத்தி 1000 சிசி வண்டி செய்தார். பிறகு அந்தத் தொழில் சத்தீஸ்கரின் பிலாய்க்கே இடம் பெயர்ந்தது. பிரிட்டனில் ஓய்வுபெற்ற இஞ்சினியர்கள் வீட்டுக் கொட்டகையில் யன்மார் வகை டீசல் இஞ்சினைப் பூட்டினார்கள். உலகம் முழுக்க இப்படிப் பிரித்துப் பூட்ட ஏற்றதாக இருந்த, அதுவும் புதிதாகவே கடையில் கிடைத்த வண்டி அன்று இது ஒன்றுதான் என்று சொல்லலாம். காரணம் அந்தப் பழைய, தனிக் கியர்பாக்ஸ் அமைப்பு. முன்னேறாமல் நின்றதே டியூனர்களுக்கு வரமாகிவிட்டது.

அந்த வரமும் ஒரு நாள் முடிந்தது. இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றான புதிய இஞ்சினோடு கிளாசிக் 500 வந்தது. அது முதலில் விற்பனைக்குப் போன இடம் எது தெரியுமா? ஜெர்மனி! 2008-ல். இந்தியாவுக்கு 2009-ல்தான் வந்தது. எண்ணெய் ஒழுகாத, எலக்ட்ரிக் ஸ்டார்ட் உள்ள நல்ல வண்டி. கம்பெனியைக் காப்பாற்றியதே அதுதான். 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனால் புதிய இஞ்சினைக் கழற்றினால் கியர்பாக்ஸும் கூடவே வந்துவிடும். டீசல் இஞ்சின் வைக்க நினைத்தவர்களுக்குக் கடைசிக் கதவும் மூடியது. அதோடு பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட்டுகளுக்கு விலை ஏறத் தொடங்கியது.

இப்போது ஆர்.சி. புத்தகத்துக்கு வருவோம். ஸோமருக்கும் நம் ஊர் மெக்கானிக்குக்கும் உள்ள வித்தியாசம் கைவேலையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் வண்டியை மாற்றினால் டியூவ் போன்ற பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் பிரேக், ஃப்ரேம், புகை, சத்தம் எல்லாம் சோதிப்பார்கள். தேறினால் மாற்றத்தை வண்டியின் பத்திரத்திலேயே எழுதிக் கொடுப்பார்கள். கண்டிப்பான ஊர்தான், ஆனால் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் போய் வந்ததால்தான் அங்கே மாற்றிய வண்டியைத் தைரியமாக விற்க முடிகிறது.

இங்கே 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. 2000-ல் அதைத் திருத்தி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியில் எதையும் மாற்றக் கூடாது என்று இறுக்கினார்கள். சி.என்.ஜி. போன்ற அங்கீகரித்த கருவிகளைப் பூட்டுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதையே உறுதி செய்தது. வெல்டிங் விட்டுப்போய் நடுரோட்டில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நன்றாகச் செய்தவரையும் மோசமாகச் செய்தவரையும் சட்டம் ஒரே கண்ணால் பார்க்கிறது. இரண்டு பேருமே குற்றவாளிகள். அதனால்தான் நம் ஊரில் டியூனர் என்று ஒருவர் பெயர் வாங்கவே முடியவில்லை. 'ஷெட்டில் செய்தது' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரும் அடக்கம்.

இந்த வித்தியாசம் வாங்குபவர் பணத்தில் நேரடியாக விழுகிறது. விற்பனைக்கு வரும் டீசல் புல்லட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திருவொற்றியூரில் டீசலாகவே பிறந்தது. மற்றது, பெட்ரோலாகப் பிறந்து ஷெட்டில் டீசலானது. ஓரளவு பழகிய கண்ணுக்கே இரண்டும் ஒன்று போலத் தெரியும். பிறவி டீசல் என்றால் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று இருக்கும். இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்தால், எத்தனை அழகாக ஓடினாலும் பெயர் மாற்றும்போதும் பதிவைப் புதுப்பிக்கும்போதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளும். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, தோட்டத்தில் நிறுத்திவைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

ஒரிஜினலுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இடையில் விட்டிருந்தால் அபராதம் சேர்ந்திருக்கும். டெல்லிப் பதிவு வண்டி என்றால் இன்னும் உஷார். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வாகனங்கள் மீது 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதிலிருந்து அங்கே அவற்றின் நிலை வழக்கும் உத்தரவுமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி மலிவாக வருகிறதே என்று வாங்குபவர், தடையில்லாச் சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். சிக்கனம் என்ற பழைய காரணமும் இப்போது இல்லை. 2014-ல் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு பெட்ரோலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே முந்தியது!

பழமைக்கென்று தனிப் பதிவு வாங்கலாமே என்று கேட்கலாம். ஜெர்மனியில் 30 ஆண்டு ஆனால் போதும், நல்ல நிலையில் இருந்தால் 'எச்' எழுத்துப் போட்ட நம்பர் பிளேட் கிடைக்கும். அந்தக் கணக்குப்படி 1993 டீசல் புல்லட் அங்கே ஏற்கெனவே பாரம்பரிய வண்டி. இந்தியாவில் 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டு கேட்கின்றன. திருவொற்றியூரின் முதல் டீசல் புல்லட்டுக்கு அந்தத் தகுதி 2043-ல் வரும். இஞ்சினிலும் சேஸிஸிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே அப்போதும் கம்பெனி டீசலுக்குத்தான் அந்த நம்பர் கிடைக்கும், அதற்கு முன்னோடியான ஷெட் டீசலுக்குக் கிடைக்காது.